‘6/6’ என்று எழுதி அனுப்பப்படும் பிள்ளைகள்: ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறைக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும்,

வணக்கம்.

நான் ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட். ஊரில் எல்லோரும் ‘கண் டாக்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஆனால் நான் டாக்டர் இல்லை, ஆபரேஷன் செய்வதில்லை. பவர் பார்ப்பது, கண்ணாடி எழுதுவது, இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்யாதவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, இவைதான் என் வேலை. இந்த மடல் கடைசியில் சொன்ன வேலையைப் பற்றியது. கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிக் கண் பரிசோதனையைத் தூரத்தில் மாட்டிய எழுத்துப் பலகையோடு நிறுத்தாதீர்கள். புத்தகம் பிடிக்கும் தூரத்தில் இரண்டு கண்ணும் எப்படி ஒத்துழைக்கின்றன என்றும் பாருங்கள். குறை இருக்கிற பிள்ளைக்குப் பயிற்சியை மாவட்ட அளவில் இலவசமாகக் கொடுங்கள்.

இருக்கிற திட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி வாங்கிய பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆசிரியர் முதலில் பலகையை வைத்துப் பார்க்கிறார், சந்தேகம் என்றால் கண் மருத்துவ உதவியாளர் வந்து பவர் பார்க்கிறார், அப்புறம் கண்ணாடி பள்ளிக்கே வந்துவிடுகிறது. பிள்ளைகளின் உடல்நலக் குறைகளைத் தேடிக் கண்டுபிடிக்க மத்திய அரசு 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் நடமாடும் குழுவும் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது. இவ்வளவு பெரிய மாநிலத்தில் இது ஒழுங்காக நடப்பதே பெரிய காரியம்.

சிக்கல் அந்தப் பலகையில் இருக்கிறது. நெதர்லாந்துக் கண் மருத்துவர் ஸ்னெல்லன் அதை 1862-இல் வடிவமைத்தார். 6 மீட்டர் தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணால் தனித்தனி எழுத்தாகப் படிக்க வேண்டும். பிறகு கண்ணை மாற்ற வேண்டும். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கிட்டப்பார்வை உள்ள பிள்ளையைக் கண்டுபிடிக்க இதைவிட மலிவான, நம்பகமான வழி இன்னும் வரவில்லை. ஆனால் பிள்ளை வகுப்பில் செய்கிற வேலை இதற்கு நேர்மாறானது. அங்கே இரண்டு கண்ணும் திறந்திருக்கின்றன. புத்தகம் ஒன்றரை சாண் தூரத்தில் இருக்கிறது. எழுத்துகள் வரிவரியாக நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு பீரியட் முழுக்கப் படிக்க வேண்டியிருக்கிறது. பலகையில் 6/6, அதாவது தூரப்பார்வை சரி என்று வாங்கிய பிள்ளைக்கு இந்த வேலை வருமா வராதா என்று அந்தப் பலகைக்குத் தெரியாது. நாமும் கேட்பதில்லை. ‘பார்வை நன்று’ என்று பதிவேட்டில் எழுதி முடித்துவிடுகிறோம்.

கிட்டத்தில் படிக்கும்போது மூன்று வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. இரண்டு கண்ணும் மூக்குப் பக்கம் சற்றே திரும்பி ஒரே எழுத்தில் குவிய வேண்டும். உள்ளே இருக்கும் லென்ஸ் தடித்து ஃபோகஸ் செய்ய வேண்டும். அப்புறம் வரியின் நீளத்துக்குக் கண்கள் சின்னச் சின்னத் தாவலாகப் போக வேண்டும், ஒவ்வொரு தாவலிலும் இரண்டும் ஒரே இடத்தில் இறங்க வேண்டும். வண்டியில் பூட்டிய மாடுகளில் ஒன்று ஓரத்துக்கு இழுத்தால் எப்படி இருக்குமோ, ஒரு கண் பின்தங்கினால் அப்படி இருக்கும். எழுத்து இரண்டாகும், அல்லது அசையும். அதைத் தடுக்க மூளை ஓயாமல் மல்லுக்கட்டும், பிள்ளைக்கு நெற்றிப்பொட்டு வலிக்கும். கிட்டத்தில் கண்கள் போதுமான அளவு உள்நோக்கித் திரும்பாத இந்த நிலைக்கு மருத்துவத்தில் கன்வர்ஜென்ஸ் இன்சஃபிஷியன்சி என்று பெயர். இந்த மடலில் குவிவுக் குறைபாடு என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் அம்மா கூட்டி வந்தார். “சார், வாயால கேட்டா எல்லாத்தையும் சொல்றான். புக்க எடுத்தா அஞ்சு நிமிஷத்துல கொட்டாவி விடறான். வேணும்னே பண்றான்னு மிஸ் சொல்றாங்க” என்றார். பலகையில் இரண்டு கண்ணுக்கும் 6/6. சமூக அறிவியல் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். முதல் பத்தி சரளமாகப் போயிற்று. இரண்டாவதில் விரல் வைத்தான். மூன்றாவதில் இடது கையை மேசையில் ஊன்றிக் கன்னத்தைத் தாங்குகிற மாதிரி உட்கார்ந்தான். தாங்கிய உள்ளங்கை இடது கண்ணை முழுக்க மூடியிருந்தது. அப்படி உட்கார்ந்ததும் வேகம் மறுபடி கூடியது. கையை எடுக்கச் சொன்னால் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவினான். ஒரு பென் டார்ச்சை மூக்கை நோக்கி மெல்லக் கொண்டு போனேன். ஒரு சாண் தூரத்திலேயே இடது கண் பிடியை விட்டு வெளிப்பக்கமாக நழுவியது. “இப்ப எத்தனை லைட்டு?” என்றேன். “ரெண்டு.” புத்தகத்திலும் அப்படியா என்றதற்குத் தலையாட்டினான். ஏன் யாரிடமும் சொல்லவில்லை? “எல்லாருக்கும் கொஞ்ச நேரத்துல அப்படித்தான் ஆகும்னு நெனச்சேன் சார்.”

இதில் ஆசிரியையைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பரிசோதனையில் 6/6 என்று எழுதியிருக்கும்போது அவர் வேறு என்ன நினைப்பார்?

இது ஏதோ அபூர்வ நோய் என்றால் நான் மடல் எழுத மாட்டேன். சென்னையைச் சேர்ந்த ஆப்டோமெட்ரி ஆய்வாளர்கள் ‘பேண்ட்’ என்ற பெயரில் நம் மாநிலத்திலேயே ஓர் ஆய்வு செய்தார்கள். நகரத்திலும் கிராமத்திலுமாக 7 முதல் 17 வயது வரையுள்ள 920 பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். மாறுகண் போல வெளியே தெரிகிற குறையைக் கணக்கில் சேர்க்கவில்லை. வெளியே தெரியாத இரு கண் ஒத்துழைப்புக் குறை மட்டும் நகரத்தில் 31.5 சதவீதம், கிராமத்தில் 29.6 சதவீதம். அதில் முதலிடம் குவிவுக் குறைபாட்டுக்கு: 16.5, 17.6. நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஆறேழு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவில் குறை இருக்கிற எல்லோருக்கும் தொந்தரவு இருக்காது. தொந்தரவு இல்லாதவரை நாங்களும் பயிற்சிக்கு இழுக்க மாட்டோம். அதைக் கழித்த பிறகும் மிஞ்சுகிறவர்கள் கொஞ்சம் பேர் இல்லை.

அந்தக் குழு இன்னொரு நல்ல காரியமும் செய்தது. முகாமில் பயன்படுத்தத் தக்க மிகக் குறைந்த பரிசோதனைகள் எவை என்று சலித்து எடுத்துக் கொடுத்தது. ஒரு கண்ணுக்கு முன்னால் சிவப்பு ஃபில்டர் பிடித்து, பென் டார்ச்சை மூக்கை நோக்கிக் கொண்டுபோய் எங்கே இரண்டாகிறது என்று அளப்பது. கண்ணை மாறி மாறி மூடித் திறந்து, தூரத்திலும் கிட்டத்திலும் கண் விலகும் அளவில் எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பது. ‘ஃப்ளிப்பர்’ என்கிற, பிளஸ் 2 மைனஸ் 2 லென்ஸ்களை இருபுறமும் பதித்த கைப்பிடியைத் திருப்பித் திருப்பி வைத்து ஒரு நிமிடத்தில் ஃபோகஸ் எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணுவது. அவ்வளவுதான். மின்சாரம் வேண்டாம், இருட்டறை வேண்டாம். கண் மருத்துவ உதவியாளரின் பைக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

சரி, கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? கண்ணாடி போட்டால் போதாதா என்று பெற்றோர் எல்லோரும் கேட்கிறார்கள். பவர் இருந்தால் முதலில் கண்ணாடிதான், அதில் சந்தேகமில்லை. பவர் இல்லாத பிள்ளைக்குப் படிப்பதற்காக மட்டும் ப்ரிசம், அதாவது ஒளியைச் சற்றுத் திருப்பிவிடும் ஆப்பு வடிவ லென்ஸ், வைத்த கண்ணாடி கொடுக்கும் வழக்கம் இருந்தது. 2005-இல் அதைச் சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டுச் சோதித்ததில் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒரே பலனைத்தான் கொடுத்தன. ஆகவே மிஞ்சுவது பயிற்சி.

பயிற்சி என்றதும் கண்ணை உருட்டுவது, சூரியனைப் பார்ப்பது என்று நினைத்துவிட வேண்டாம். ‘கண்ணாடியைத் தூக்கி எறியுங்கள்’ என்று போனில் வருகிற வீடியோக்களுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எந்தப் பயிற்சியும் கிட்டப்பார்வையைப் போக்காது. கண்ணைச் சுற்றியிருக்கும் ஆறு தசைகளுக்கு இந்தப் பிள்ளைகளிடம் பலம் குறைவு என்பதும் சரியில்லை. இருக்கிற பலமே தாராளம். அந்தத் தசைகளை எப்போது, எவ்வளவு, எவ்வளவு நேரம் இழுக்க வேண்டும் என்று மூளை கொடுக்கும் கட்டளைதான் சுணங்குகிறது. பழக்குவது அதைத்தான்.

நான் முதலில் கையில் எடுப்பது ‘பிராக் ஸ்ட்ரிங்’. நீளமான வெள்ளைக் கயிறு, அதில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று மணிகள். ஒரு முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, மறுமுனையைப் பிள்ளை தன் மூக்கு நுனியில் பிடித்துக்கொள்ள வேண்டும். நடு மணியைப் பார்க்கச் சொன்னால், இரண்டு கண்ணும் வேலை செய்கிற பிள்ளைக்குக் கயிறு இரண்டாகத் தெரியும். இரண்டும் அந்த மணியில் வெட்டிக்கொண்டு பெருக்கல் குறி போல நிற்கும். முன்னே இருக்கிற மணியும் பின்னே இருக்கிற மணியும் இரட்டையாகத் தெரியும். இரட்டை என்று பயப்பட வேண்டாம், அங்கே அப்படித் தெரிவதுதான் சரி. கயிறுகள் மணிக்குப் பின்னால் வெட்டிக்கொண்டால், பிள்ளை மணியைத் தாண்டி அப்பால் குவிக்கிறான் என்று அர்த்தம். ஒரு கயிறு மட்டும் தெரிந்தால் மூளை ஒரு கண்ணை அணைத்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு இந்தக் கயிறு பிடித்திருப்பதற்குக் காரணம், தன் கண் என்ன செய்கிறது என்பதைப் பிள்ளையே பார்த்துவிடுகிறான். “சார், ஒரு கயிறு காணாமப் போச்சு” என்பான். கண்ணைச் சிமிட்டிவிட்டு மறுபடி பார் என்றால், “வந்துடுச்சு வந்துடுச்சு” என்பான். அப்புறம் மணியை மூக்குப் பக்கம் விரல் விரலாக நகர்த்திக்கொண்டே வருவோம்.

அடுத்தடுத்து ஃப்ளிப்பர் வரும். சுவரில் ஓர் எழுத்து அட்டையும் கையில் ஒரு சின்ன அட்டையும் வைத்து மாறி மாறிப் படிப்பது வரும். ஒரு கண்ணுக்குச் சிவப்பு, ஒரு கண்ணுக்குப் பச்சை என்று கண்ணாடி போட்டுக்கொண்டு, பிரிந்து போகும் இரண்டு படங்களை ஒன்றாகப் பிடித்து நிறுத்துவது வரும். ஒவ்வொன்றிலும் சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் எங்களிடம். மற்ற நாட்களில் வீட்டில் கால் மணி நேரம். பெரும்பாலும் மூன்று மாதக் கதை. பிள்ளைகள் வெறுப்பதும் உண்டு. வீட்டுப் பயிற்சியைச் செய்யாமலே நோட்டில் டிக் போட்டுக்கொண்டு வருகிறவர்களை மணியை நகர்த்தினாலே தெரிந்துவிடும்.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் கடமை. இருக்கிறது. அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரையுள்ள 221 பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்து 12 வாரம் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சியாளரிடம் வந்தும் வீட்டிலும் பயிற்சி செய்த குழுவில் 73 சதவீதம் பேர் குணமானார்கள் அல்லது தேறினார்கள். பென்சிலை மூக்குக்குக் கொண்டு வரும் பயிற்சியை வீட்டில் மட்டும் செய்தவர்களில் 43 சதவீதம். பயிற்சி போலவே தோன்றும் வெறும் விளையாட்டைப் பயிற்சியாளரிடம் செய்த குழுவில் 35 சதவீதம். வீட்டில் கம்ப்யூட்டரிலும் பென்சிலிலும் செய்த குழு 33 சதவீதம், அதாவது வெறும் விளையாட்டுக்கும் ஒரு படி கீழே. ‘பென்சிலைப் பார்த்துப் பழகு, போதும்’ என்று சொல்லி அனுப்பிவிடும் பழக்கம் நம் ஊரில் இன்னும் பரவலாக இருப்பதால் இந்த எண்களை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இனிச் சொல்லப்போவதை என் தொழிலில் இருக்கும் சிலர் ரசிக்க மாட்டார்கள். பயிற்சியால் படிப்பு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அதே ஆய்வுக் குழு 2019-இல் 311 பிள்ளைகளிடம் 16 வாரப் பயிற்சி கொடுத்து, வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் கூடுகிறதா என்று பார்த்தது. கண் குவியும் அளவுகள் பயிற்சிக் குழுவில் தெளிவாகக் கூடின. வாசிப்பு மதிப்பெண்ணிலோ போலிப் பயிற்சி செய்தவர்களோடு வித்தியாசம் இல்லை. தலைவலி, வரி தவறுவது போன்ற புகார்கள்கூட இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தன. டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடு மொழியைக் கையாளும் மூளைப் பகுதியின் விவகாரம், கண் பயிற்சி அதற்கு மருந்தல்ல என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவர் கழகமும் 2009-இலேயே சேர்ந்து அறிக்கை விட்டிருக்கின்றன. அதை நான் ஏற்கிறேன்.

அப்படியானால் எதற்கு இந்த மடல்? ஒரு பிள்ளைக்கு எழுத்து இரண்டாகத் தெரிகிறது. அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. சரிசெய்வதற்கு, மார்க் கூடும் என்று நிரூபித்துக் காட்ட வேண்டிய அவசியம் ஏன்? காது வலிக்கிற பிள்ளைக்கு மருந்து கொடுக்கும்போது ரேங்க் ஏறுமா என்று நாம் கேட்பதில்லையே.

நீங்கள் இதைச் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் நடந்துகொண்டிருக்கிறது. பெருநகரங்களில் மூன்று மாத பேக்கேஜ், ஆறு மாத பேக்கேஜ் என்று விற்கிறார்கள். நல்ல இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ‘கவனக்குறைவு போகும், டிஸ்லெக்சியா போகும், ஞாபகசக்தி வரும்’ என்று நோட்டீஸ் அடிக்கிற இடங்களும் உண்டு. பணம் உள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தேவையில்லாத பயிற்சி, பணம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத் தேவையான பயிற்சியும் இல்லை. அரசு மையத்தில் இது அளவாக, கணக்காக நடந்தால் இந்த வியாபாரத்தின் வாயும் கொஞ்சம் அடங்கும். எங்கள் தொழிலை ஒழுங்குபடுத்த 2021-இல் தேசியச் சட்டம் வந்துவிட்டது. யார் பயிற்சி கொடுக்கலாம், எந்தக் குறைக்குக் கொடுக்கலாம் என்று அதை வைத்து ஒரு வரையறை எழுதுங்கள்.

பெரியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பைக் விபத்தில் தலையில் அடிபட்டவர்கள் ஸ்கேன் நார்மல் என்று வீட்டுக்கு வந்த பிறகும், செய்தித்தாளைப் பிடித்தால் தலை சுற்றுகிறது என்பார்கள். அவர்களில் பலருக்கு இருப்பது இதே குவிவுக் குறைபாடு. வேலைக்குத் திரும்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மாறுகண்ணோடு பிறந்த பெண் பிள்ளைக்கு ‘அதிர்ஷ்டம்’ என்று சொல்லிச் சும்மா விட்டுவிடும் வீடுகளும் இன்னும் இருக்கின்றன. அங்கே முதல் தேவை கண் மருத்துவர், பயிற்சி அப்புறம்தான். வயது தாண்டினால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் முழு உண்மை இல்லை. குழந்தைப் பருவம் முதல் மாறுகண்ணோடு வாழ்ந்த அமெரிக்க நரம்பியல் பேராசிரியர் சூசன் பாரி, 48 வயதில் பயிற்சி எடுத்துத்தான் உலகை முப்பரிமாணத்தில் பார்க்கத் தொடங்கினார். ஒருவருக்கு நடந்ததை வைத்து எல்லோருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனாலும் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று மாவட்டத்தில் ஓர் அறை திறந்தால், மாலையில் பெரியவர்களுக்கும் அதே அறை, அதே கயிறு போதும்.

நடைமுறைக்கு வருகிறேன். ஆர்.பி.எஸ்.கே. தேடும் 30 குறைகளில் பார்வைக் குறைவும் இருக்கிறது, கற்றல் குறைபாடும் இருக்கிறது. இரண்டு கட்டத்துக்கும் நடுவில் விழுகிற பிள்ளையைத்தான் நான் சொல்கிறேன். அந்தத் திட்டத்தின் மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்களில் ஆப்டோமெட்ரிஸ்டுக்கு விதிமுறைப்படியே இடம் உண்டு. அந்த இடங்களை நிரப்புங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் கொடுக்கும் முன், கிட்டத்தில் கண்கள் ஒத்துழைக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட உத்தரவிடுங்கள். குறை இருந்தால் சான்றிதழை நிறுத்துவதற்கு அல்ல, அதையும் சேர்த்துச் சரிசெய்வதற்கு.

எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் நாளே மூன்று பரிசோதனையையும் செய்ய ஆள் போதாது என்று சொல்வீர்கள். நியாயம்தான். அதற்கும் வழி இருக்கிறது. இந்தக் குறைக்கென்றே 15 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது. படிக்கும்போது கண் சோர்கிறதா, தலை வலிக்கிறதா, தூக்கம் வருகிறதா, எழுத்து இரண்டாகிறதா, அசைகிறதா, அதே வரியை மறுபடி படிக்கிறாயா என்ற மாதிரி கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். பிள்ளைகளுக்கு 16-ஐத் தொட்டால் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நல்ல தமிழில், பிள்ளைகள் பேசுகிற தமிழில் எழுதிக் கொடுத்தால் வகுப்பாசிரியர் வாசிப்பு வேளையிலேயே கேட்டுவிடலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கிற பிள்ளை, வாய்வழியில் கெட்டியாகவும் எழுத்தில் பின்தங்கியும் இருக்கிற பிள்ளை, இவர்களைப் படிவம் இல்லாமலே அனுப்பலாம். வடிகட்டி வருகிறவர்களுக்கு மட்டும் கண் மருத்துவ உதவியாளர் டார்ச்சையும் ஃப்ளிப்பரையும் எடுத்தால் போதும்.

வரும் ஜூனில் ஒரே ஒரு ஒன்றியத்தில் தொடங்கிப் பாருங்கள். உதவியாளர்களுக்கு ஒருநாள் பயிற்சி தேவைப்படும். எங்கள் ஊர்ப் பக்கம் என்றால் நான் வந்து எடுக்கத் தயார், சம்பளம் வேண்டாம். ஆண்டு முடிவில் எத்தனை பேரை அனுப்பினார்கள், எத்தனை பேருக்கு உண்மையில் குறை இருந்தது, எத்தனை பேர் பயிற்சியை முடித்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று நான்கு எண்களை வெளியிடுங்கள். எண்கள் மோசமாக வந்தால் திட்டத்தை நிறுத்திவிடுங்கள், நான் இன்னொரு மடல் எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
ஓர் ஆப்டோமெட்ரிஸ்ட்